திருவரங்கத்துக் குமுதினி அம்மையார்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. தென்பால் ஓடுவது காவிரி என்னும் பெயரோடே செல்ல, வடபால் ஓடுவது கொள்ளிடம் எனப் பெயர் பெறுகின்றது. இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட தீவே திருவரங்கம். அங்குள்ள பெருமாள் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள் உண்டு. ஏனைய ஊர்களில் ஊருக்குள் கோயில் இருக்கும். இங்கோ கோயிலுக்குள் ஊர் இருக்கின்றது. உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி எனப்படும் தெருக்கள் எல்லாம் மதில்களின் நடுவே அமைந்தவை. அத்தெருக்களில் வாழ்பவர்க்குக் கோயில் மணியே கடிகாரம், திருவிழாக்களே நாட்காட்டி.

இக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் தாயாருக்கு அரங்கநாயகி என்பது திருநாமம். இத்தாயாரைப் 'படிதாண்டாப் பத்தினி' என்று அடியார்கள் வழங்குவர். பெருமாள் வீதிகள்தோறும் உலா வருவார். காவிரியைக் கடந்து உறையூருக்கும் சென்று வருவார். தாயாரோ தம் சந்நிதியின் எல்லையைக் கடந்து வீதிக்கு வருவதில்லை. பங்குனி உத்தரத்தன்று பெருமாளே தாயார் சந்நிதிக்கு எழுந்தருளிச் சேர்த்தி காண்பிப்பது மரபு. தெய்வத்துக்கு உரிய இவ்வழக்கத்தை அந்நாளைய குடும்பங்கள் தம் வீட்டுப் பெண்களுக்கும் உரியதாகக் கொண்டுவிட்டன. வாயிற்படியைத் தாண்டாமையே குலமகளின் இலக்கணம் என்று கருதப்பட்டது.

1905ஆம் ஆண்டில் பிறந்த ஒரு பெண்மகவுக்கு இட்ட பெயரும் அரங்கநாயகி என்பதே. பிற்காலத்தில் 'குமுதினி' என்னும் புனைபெயரால் தமிழகம் அறிந்த எழுத்தாளரும், திருச்சிராப்பள்ளி சேவா சங்கத்தை நிறுவிய தொண்டரும் அவரே. வீட்டின் படியை வெறுத்து நீங்காமலும், படிக்குள்ளேயே அடங்கிவிடாமலும் அவர் வாழ்ந்த வாழ்க்கை அறியத் தக்கது.

அவர் பிறந்த காலம் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். பெண்ணுக்குப் பத்து வயது நிரம்புமுன்னரே மணம் பேசத் தொடங்கிய காலம் அது. பதினான்கு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் செய்வித்தலைத் தடுத்த சாரதா சட்டம் 1929ஆம் ஆண்டில் நிறைவேறி, 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேதான் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் சட்டத்தை அஞ்சியவர் சிலரே. பள்ளிக்குச் சென்ற சிறுமியரும் மணம் முடிந்ததும் பலகையைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தனர். விடுதலைக்குப் பின் 1951இல் எடுத்த குடிக்கணக்கின்படியும் இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒன்பதின்மர் அளவினரே. அதற்கு அரை நூற்றாண்டு முந்திய நிலையைக் கூறவும் வேண்டுமோ!

அரங்கநாயகியும் சிறு வயதிலேயே மணம் செய்விக்கப் பெற்றார். அவர் மருமகளாகப் புகுந்தது திருவரங்கத்தில் ஆசாரத்தில் சிறந்து விளங்கிய தாத்தாச்சாரியார் குடும்பம். அத்தகைய வைணவ இல்லத்தில் மருமகளின் நாள் எவ்வாறு கழியும் என்பதை இக்கால மாணவர் எளிதில் உணர்தல் அரிது. விடியுமுன் எழுந்து வாயில் தெளித்துக் கோலமிட வேண்டும். நீராடி, முதல்நாள் துவைத்து எவர் கையும் படாமல் கொடியில் உலர்த்திய மடிப் புடவையைக் கொம்பால் எடுத்து உடுத்த வேண்டும். பெருமாளுக்கு அமுது செய்விக்கும் முன் எவரும் உண்ணலாகாது. திருவிழாக் காலம் வந்துவிட்டால் வெளியூர் உறவினரும் அடியாரும் வந்து நிறைவர். பந்திக்குப் பின் பந்தியாக இலை விழும். ஆடவர் உண்ட பின் பெண்டிர் உண்பர். மாமியார் உண்ட பின் மருமகள் உண்பாள். இவ்வளவுக்கும் இடையில் குழந்தை அழும், பால் பொங்கும், பெரியவர் அழைப்பர்.

பெரியவர் அழைப்பர் என்று இங்கே குறித்தது காரணம் பற்றியே. கூட்டுக் குடும்பம் என்பது குரலால் நடைபெறுவது. கூடத்திலிருந்து ஒருவர் கேட்க, அடுக்களையிலிருந்து ஒருவர் விடை கூறுவார். திண்ணையில் விருந்தினர் வந்தமை அவர் செருமலாலேயே உள்ளே அறியப்படும். இத்தகைய வீட்டில் வாழ்ந்த அம்மையார் இளமையிலேயே செவிப்புலனை இழந்தார். சுற்றிலும் மாந்தர் நிறைந்திருக்க, அவர்களுடைய பேச்சு மட்டும் தம்மை வந்து எட்டாத நிலை தனிமையினும் கொடிது. கண்ணிழந்தாரைக் கண்டு இரங்குவோர் செவியிழந்தாரிடம் பொறுமை இழப்பதும் உலக இயல்பு.

அந்நிலையில் அவருக்குத் துணையாயின நூல்கள். நூல் உரக்கப் பேசுவதுமில்லை. மறுமுறை கேட்டால் சினப்பதுமில்லை. கல்லூரிப் படியை மிதியாத அம்மையார் வீட்டிலிருந்தவாறே கற்றார். தாய்மொழியோடு ஆங்கிலம், வடமொழி, இந்தி, வங்கம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். வேற்று மொழி ஒன்றைச் செவியால் கேட்டுப் பழகாமல் எழுத்தைக் கொண்டே கற்பது எத்துணைக் கடினம் என்பதை மொழி பயின்றோர் அறிவர். பின்னர் இரவீந்திரநாத தாகூரின் 'யோகாயோகம்' என்னும் நாவலை அவர் தமிழில் பெயர்த்தார். செல்வச் செருக்குடைய கணவனுக்கு வாழ்க்கைப்பட்டு, தன் மானத்தையும் மனத்தையும் காத்துக்கொள்ளப் போராடும் பெண்ணின் கதை அது. அக்கதைத் தலைவியின் பெயரும் குமுதினி என்பதே.

அம்மையார் எழுதத் தொடங்கிய 1930களில் தமிழ் இதழ்கள் புதுவேகம் கொண்டிருந்தன. ஆனந்த விகடன் முதலிய இதழ்கள் வீடுதோறும் புகுந்தன. அவற்றை வாசிக்கும் பெண்டிர் தொகை பெருகியது. ஆயினும் பெண்களைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஆடவரே. அவர்கள் பெண்ணைத் தெய்வமாகப் போற்றினர். அன்றேல் பெண்ணுக்கு அறிவுரை கூறினர். ஒரு புடவைக்கும் ஒரு பாத்திரத்துக்கும் பின்னே எத்தனை மனவருத்தமும் சூழ்ச்சியும் நகையும் உள்ளன என்பதை அவர்கள் அறியார். குமுதினி அறிவார்.

1934ஆம் ஆண்டில் விகடனில் வெளிவந்த அவருடைய எழுத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். அயோத்தியில் வாழும் சீதாபிராட்டி மிதிலையிலுள்ள தன் அன்னைக்கு எழுதும் கடிதங்களாக அது அமைந்துள்ளது. அக்கடிதங்களில் போர் இல்லை. வில் முறித்த வீரம் இல்லை. புகுந்த வீட்டில் எவ்வகைப் புடவை உடுத்துகின்றனர், பிறந்த வீட்டுப் புடவை அங்கு எவ்வாறு மதிக்கப்படுகின்றது, பண்டிகைக்கு என்ன அனுப்ப வேண்டும் என்பன போன்ற செய்திகளே உள்ளன. முடிசூட்டு விழாவுக்கு உடுக்க வேண்டிய உடையைப் பற்றிக் கவலையுற்றிருக்கும்போதே கானகம் செல்ல வேண்டும் என்னும் செய்தி வருகின்றது. அந்தப்புரத்துக் கவலைகள் அனைத்தும் ஒரு நொடியில் உதிர்ந்துவிடுகின்றன. நகைத்துக்கொண்டே வாசித்து வந்தவர் அவ்விடத்தில் வாய் மூடிவிடுவர். இராமகாதையைப் பல்லாயிரம் முறை கேட்ட திருவரங்கத்து வீதியில், புகுந்த வீட்டு மருமகளாகச் சீதையை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? பக்திக்கு ஊறு செய்யாமலே அம்மையார் அதனைச் செய்துவிட்டார். அமெரிக்க அறிஞராகிய பௌலா ரிச்மன் அம்மையார், தென்னாட்டு இராமாயணக் கதைகளைத் திரட்டி 2008ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுதியில் இக்கடிதங்களும் இடம்பெற்றன.

குமுதினியின் கட்டுரைத் தொகுதி ஒன்றன் பெயர் 'சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்'. பெயரிலேயே அவருடைய குறும்பு விளங்குகின்றது. அரசியலும் தத்துவமும் பெரிய சங்கதிகள். வீட்டுக்காரியங்கள் சில்லறை என்பது உலகோர் கணக்கு. அச்சில்லறைகளை எல்லாம் கூட்டி ஒரு கம்பெனியாகவே அவர் பதிவு செய்துவிட்டார் போலும்! 'திவான் மகள்' என்னும் நாவலும் அவர் இயற்றியதே. தமிழ் உரைநடை வரலாறு எழுதுவோர் நகைச்சுவையைக் குறிக்கும்போது ஆடவர் பெயர்களை அடுக்கிவிட்டு மேலே செல்கின்றனர். குமுதினியின் பெயர் அவ்வரிசையில் காணப்படாமை குறையே.

எழுத்து ஒருபுறம் வளர, நாட்டில் விடுதலை வேட்கை மறுபுறம் வளர்ந்தது. காந்தியடிகள் பலமுறை திருச்சிராப்பள்ளிக்கு வந்து பேசினார். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் வேதாரணியத்துக்கு உப்பு எடுக்கச் சென்ற தொண்டர் படை புறப்பட்டதும் இந்நகரிலிருந்தே. திருவரங்கத்தவரான மருத்துவர் டி. எஸ். எஸ். இராஜனின் இல்லம் அப்படைக்குப் புறப்படும் இடமாக இருந்தது. அவ்வாறு நடந்து சென்றவர்களையும் சிறை புகுந்தவர்களையும் வரலாறு நினைவில் வைத்துள்ளது. வீட்டில் இருந்துகொண்டே காந்தியடிகளின் நெறியைக் கைக்கொண்ட பெண்கள் பல்லாயிரவர். அவர்களுக்கு ஊர்வலமும் இல்லை, மாலையும் இல்லை.

அம்மையார் அந்நெறியில் நின்று கதர் அணிந்தார். இக்காலத்தில் இது சிறு செய்தியாகத் தோன்றலாம். அந்நாளில் ஆசாரக் குடும்பத்தில் கதர் உடுத்துதல் எளிதன்று. கையால் நூற்ற நூலில் நெய்த பதினெட்டு முழப் புடவை சுமையாக இருக்கும். நனைந்தால் அதன் கனம் இருமடங்காகும். மழைக்காலத்தில் உலர்வது அரிது. பட்டுக்கு மடித்தோஷம் இல்லை என்பது பழைய கொள்கை ஆதலால், விழாவுக்கும் வழிபாட்டுக்கும் பட்டே உகந்ததாகக் கருதப்பட்டது. திருமணக் கூட்டத்தில் சரிகை மின்னும் பட்டுகளுக்கு நடுவே முரட்டுக் கதர் உடுத்து நிற்பவர் பலருடைய பார்வைக்கும் இலக்காவார். புடவை என்னும் சில்லறைச் சங்கதியில் எத்தனை பெரிய சங்கதி அடங்கியுள்ளது என்று எழுதிக் காட்டியவரே அதனை வாழ்ந்தும் காட்டினார்.

காந்தியடிகள் விடுதலைப் போரை இரண்டு கூறாகக் கண்டார். அரசாட்சியை எதிர்த்தல் ஒன்று. நாட்டு மக்களின் வாழ்வைத் திருத்துதல் மற்றொன்று. பின்னதை 'நிர்மாணத் திட்டம்' என்பர். 1941ஆம் ஆண்டில் அதனை விளக்கி அவர் எழுதிய சிறு நூலில் கதர், தீண்டாமை ஒழிப்பு, ஆதாரக் கல்வி ஆகியவற்றோடு பெண்கள் முன்னேற்றமும் இடம்பெற்றது. நாடு விடுதலை பெற்றதும் முதற்கூறு முடிந்தது. இரண்டாம் கூறு அப்போதுதான் தொடங்க வேண்டியிருந்தது. பதவியை நோக்கி நடந்தவர் சிலர். பணியை நோக்கி நடந்தவர் சிலர். அம்மையார் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர். காந்தியடிகள் மறைந்த 1948ஆம் ஆண்டினை ஒட்டித் திருச்சிராப்பள்ளி சேவா சங்கம் தோன்றியது.

இத்தகைய சங்கம் ஏன் வேண்டியிருந்தது? சட்டம் பெண்ணுக்குச் சிறிது சிறிதாகவே உரிமை வழங்கியது. கணவன் இறந்தால் அவன் சொத்தில் மனைவிக்கு ஒருவகை உரிமையை 1937ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. அதுவும் அவள் வாழ்நாள் அளவில் அனுபவிக்கும் உரிமையே. மகளுக்கும் தந்தை சொத்தில் பங்கு தந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது. சட்டம் வந்த அன்றே உரிமை கைக்கு வந்துவிடுவதுமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணைக் கணவன் கைவிட்டால் அவள் எங்குச் செல்வாள்? பிறந்த வீட்டில் பெற்றோர் இருக்கும்வரை ஒரு மூலை உண்டு. அவர்களுக்குப் பின் அண்ணன் வீட்டில் கூலியில்லாப் பணிப்பெண் ஆவாள். பெற்றோரை இழந்த சிறுமியின் நிலை இதனினும் இரங்கத் தக்கது. சோறு போடும் சத்திரங்கள் தமிழ்நாட்டில் பல இருந்தன. தங்க இடமும் கற்கக் கல்வியும் தன் கையால் பிழைக்கத் தொழிலும் தரும் இல்லங்களோ மிகச் சிலவே.

அத்தகைய இல்லங்களின் வரலாறு சென்னையில் தொடங்குகின்றது. சிறுமியாக இருந்தபோதே கணவனை இழந்து, 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி 1912ஆம் ஆண்டில் இளங்கைம்பெண்களுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1930ஆம் ஆண்டில் ஔவை இல்லத்தை நிறுவினார். திண்டுக்கல்லை அடுத்துச் சௌந்தரம் இராமச்சந்திரன் தம் கணவருடன் 1947இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தார். இவர்கள் மூவரும் உயர்கல்வி பெற்றவர்கள், பின்னிருவரும் மருத்துவர்கள். பட்டமோ அலுவலோ இல்லாத, செவி கேளாத, பெரிய குடும்பத்துப் பொறுப்பைச் சுமந்த ஒரு பெண்மணி காவிரியின் தென்கரையில் அவர்கள் வழியில் ஒரு சங்கத்தைக் கண்டது வேறு வகையான அருஞ்செயல்.

ஆனால், அவரிடம் ஒரு கல்வி இருந்தது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் வாழும் இல்லத்தை நடத்துதல் என்பது யாது? நாள்தோறும் பல வாய்களுக்கு உலை வைத்தல். அரிசியும் பருப்பும் மாதக் கடைசிவரை வருமாறு அளந்து செலவிடுதல். ஒருவர்க்கொருவர் மனத்தாங்கல் நேரும்போது பக்கம் சாராமல் தீர்த்தல். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு இரவெல்லாம் விழித்திருத்தல். புதிதாக வந்தவள் அச்சம் நீங்கிப் பேசும்வரை அவளைக் கேள்வி கேளாதிருத்தல். கூட்டுக் குடும்பத்தில் பல்லாண்டு மருமகளாகவும் தாயாகவும் வாழ்ந்தவர்க்கு இவற்றில் எது புதிது? வீட்டுக்குள் கற்றவை அனைத்தும் வெளியே பயன்பட்டன. வேறுபாடு ஒன்றே: குடும்பத்தில் உறவினர் என்பதற்காகச் சோறு போடுகின்றோம், சங்கத்தில் சோறு போட்ட பின்னர் உறவினர் ஆகின்றோம்.

பணம் திரட்டும் துன்பத்தையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். அரசின் உதவி பெற்றுத் தொண்டு நிறுவனங்கள் நடைபெறுவதற்கு மத்திய சமூக நல வாரியம் 1953ஆம் ஆண்டிலேதான் அமைந்தது. துர்காபாய் தேஷ்முக் அதன் முதல் தலைவர். அதற்கு முன்னும் பின்னும் இத்தகைய சங்கங்களைத் தாங்கியவை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைகளே. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வார முடிவில் அறச்செயலுக்கு அளிக்கும் பிடியரிசி வழக்கம் தமிழகத்தில் பரவலாக இருந்தது. கொடுப்பவர் வீட்டில் குறைவு தெரியாது. பெறும் இடத்தில் நிறைவு தெரியும். பெரிய நன்கொடையாளர் பெயர் கல்வெட்டில் இருக்கும். பிடியரிசி தந்தவர் பெயரை எக்கல்லில் பொறிப்பது!

சேவா சங்கம் காலப்போக்கில் வளர்ந்தது. ஆதரவற்றோர்க்கு இடமளித்ததோடு பெண்கள் கல்வியிலும் அது கருத்தைச் செலுத்தியது. அதன் பெயரால் பெண்கள் மேனிலைப் பள்ளி திருச்சிராப்பள்ளியில் நடைபெற்று வருகின்றது. கல்லூரி காணாத அம்மையாரின் சங்கத்துப் பள்ளியில் பயின்ற பெண்கள் கல்லூரி கண்டனர்.

பொதுத்தொண்டில் இறங்கியவர் தம் வீட்டை மறந்துவிடுவர் என்று குறை கூறுவோர் உண்டு. பெண் தொண்டு செய்தால் அக்குறை இன்னும் உரக்கக் கேட்கும். ஆடவன் வீட்டை மறந்தால் தியாகம் என்பர். பெண் மறந்தால் பொறுப்பின்மை என்பர். நியாயம் யாதாயினும், அம்மையார் அச்சொல்லுக்கு இடம் வைக்கவில்லை. மக்களும் பெயர்த்திகளும் சூழ வாழ்ந்த குடும்பத்தின் மூத்த தலைவியாகவே அவர் முதுமை எய்தினார். அவருடைய எழுத்துகள் பழைய இதழ்களோடு மக்கிப் போகாமல் மீண்டும் வெளிச்சம் பெறுவதற்கும், ஆங்கிலத்தில் பெயர்க்கப்படுவதற்கும் அவர் குடும்பத்தாரின் உழைப்பு காரணமாயிற்று. பாட்டியின் பழைய தாள்களை வேண்டாத காகிதம் என்று கருதாமல் காத்து வைக்கும் வீடுகள் நம் நாட்டில் மிகுதி அல்ல.

குமுதினி அம்மையார் 1986ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வாழ்ந்த நாள் முழுவதும் திருவரங்கத்தின் தெற்கு வாயில் 'மொட்டைக் கோபுரம்' என்றே அழைக்கப்பட்டு வந்தது. முற்காலத்தில் தொடங்கிய அக்கோபுரம் அடித்தளத்தோடு நின்றுபோய், பல நூற்றாண்டு அவ்வாறே இருந்தது. அம்மையார் மறைந்த மறு ஆண்டு, 1987ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், 236 அடி உயரமுள்ள இராசகோபுரமாக அது நிறைவெய்திக் குடமுழுக்குக் கண்டது. அக்கோபுரத்தைக் காண நாள்தோறும் பல்லாயிரவர் வருகின்றனர். ஆற்றுக்கு அப்பால், சேவா சங்கப் பள்ளியின் மணி ஒலித்ததும், பையைத் தோளில் மாட்டிய சிறுமியர் படியேறி உள்ளே செல்கின்றனர்.